மெர்சி போட்ட சாம்பிராணி

மெர்சி அந்த ஆய்வகத்தில் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அதுவும் பெரியவர்கள் சொல்லிச் செய்தது. நம் ஊரில் தப்புக்குத் தண்டனை கிடைக்கிறதோ இல்லையோ, சொன்ன பேச்சைக் கேட்டதற்குக் கட்டாயம் கிடைக்கும்.

கோயம்புத்தூரில் பெரிய சாலையை ஒட்டி இருக்கிற தனியார் பொறியியல் கல்லூரி அது. பெயர் எதற்கு? வாசலில் பிள்ளையார், உள்ளே நுழைந்ததும் தாளாளருடைய அப்பாவின் மார்பளவுச் சிலை, பின்னால் கேன்டீன், மூன்றாம் மாடியில் பேராசிரியர் லட்சுமணசாமியின் ஆய்வகம். அங்கே மெர்சி தற்காலிக உதவியாளராகச் சேர்ந்து பத்து வருடம் ஆகப்போகிறது. தற்காலிகம் என்பதற்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. ஆறு மாதத்துக்கு ஓர் ஆர்டர் கொடுப்பார்கள். முடிந்ததும் ஒருநாள் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு மறுநாள் புது ஆர்டர் கொடுப்பார்கள். தொடர்ந்து வேலை செய்தேன் என்று நாளைக்கு அவள் கோர்ட்டில் போய் நின்றுவிடக் கூடாதே. அந்த ஒருநாளும் அவள் காலையில் வழக்கம்போலக் குளித்து, சேலையை மாற்றி, எங்கும் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள்.

கொடுமுடிக்குப் பக்கத்தில் மஞ்சள் காட்டில் கூலிவேலை செய்த சுப்பையனும் பழனியாத்தாளும் பெற்ற மகள் அவள். குடும்பம் சபையில் சேர்ந்தது அவள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்; அப்பா, அம்மா பெயரெல்லாம் பழையபடியே இருந்துவிட்டன, அவளுக்கு மட்டும் புதுப்பெயர் கிடைத்தது. தோட்டத்துக்காரர் எது சொன்னாலும் அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து முணுமுணுக்கிற குடும்பம். மெர்சி ஈரோட்டில் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்தாள். கணபதியில் பம்ப் மோட்டார் பட்டறையில் வேலை செய்யும் சாமுவேலைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்தாள். வேலை மாறியது, ஊர் மாறியது. தலையாட்டுகிற பழக்கம் மட்டும் மூட்டையோடு மூட்டையாகக் கூடவே வந்துவிட்டது.

ஆய்வகத்தில் நடப்பது செயற்கை ரத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சி. மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சிவப்புப் பொருளைக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளுக்குள் அடைத்து உப்புநீரில் கலந்து வைத்திருப்பார்கள். ரத்தம் கிடைக்காத இடத்தில், எந்த குரூப் என்று பார்க்காமல், யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பது கனவு. அதற்கு முன்னால், உடம்பின் மெல்லிய ரத்தக்குழாய்களில் அது எப்படி ஓடும் என்று தெரிய வேண்டும். மனிதனுக்குள் விட்டா பார்க்க முடியும்? அதனால் உள்ளங்கையில் பாதி இருக்கிற சிலிக்கோன் ரப்பர் துண்டில் தலைமுடியைவிட மெல்லிய ஓடைகளை வார்த்து, அடியில் கண்ணாடியை ஒட்டி, அதற்குள் சிவப்பு நீரைச் செலுத்தி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதற்குச் சிப் என்று பெயர்.

நிஜ ரத்தத்தை அந்த ஓடையில் விட்டால் சிவப்பணுக்கள் எல்லாம் நடுவில் கூடிக்கொள்ளும். ஓரத்தில் வெறும் நீர்தான் வழுக்கிக்கொண்டு போகும். செயற்கை ரத்தத்தின் உருண்டைகள் பொடிப்பொடியானவை. நடு, ஓரம் என்று பார்க்காமல் கரைவரைக்கும் பரவி ஓடும். கேள்வியெல்லாம் அங்கேதான்: சுவரில் ஒட்டுமா, குறுகிய இடத்தில் அடைக்குமா, ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் எந்தக் கிளைக்கு எவ்வளவு போகும். நடு, ஓரம் என்று பேதம் பார்க்காமல் போகிற கூட்டம் அந்தக் கட்டடத்திலேயே அது ஒன்றுதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சிப் செய்வது மெர்சியின் வேலை. ரப்பர் கூழை அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து, துணியிலிருந்து இட்லியை எடுக்கிற மாதிரி பிய்யாமல் உரித்து, ஸ்பிரிட்டில் கழுவி, காயவைத்துக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். எதிரி தூசிதான். ஒரு நூலிழை விழுந்தால் போதும், வாய்க்காலில் பனைமரம் விழுந்த கதையாகிவிடும். அதற்காகவே உள்ளே தனி அறை இருந்தது. செருப்பை வெளியே விட்டு, தலைக்கு உறை மாட்டிக்கொண்டுதான் யாரும் அதற்குள் போகலாம். பேராசிரியருக்கும் அதுதான் சட்டம்.

இப்படி இருக்கும்போது அந்த ஆண்டு ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. ஒன்றே ஒன்று, தொழில்நுட்ப உதவியாளர் பதவி. இலவு காத்த கிளிக்கு ஒரு வழியாகப் பழம் பழுத்துவிட்டது என்றுதான் மெர்சி நினைத்தாள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் லட்சுமணசாமி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏனம்மணி, பர்மனென்ட் போஸ்ட் வருது, தெரியுமல்ல?”

“தெரியுமுங்க சார்.”

“உன்ற பேரைத்தான் சொல்லியிருக்கறேன். ஆனா தாளாளரு வேலையை மட்டும் பாக்கறவரில்ல. நம்மளோட ஒண்ணுமண்ணா இருக்கற ஆளான்னும் பாப்பாரு. வருசாவருசம் பூஜை நேரத்துக்கு நீ கேன்டீன்ல போய் உக்காந்துக்கறது அவரு காதுக்கும் போயிருக்குது.”

பூஜைக்கு முந்தைய நாள் மேசை மேசையாகத் துடைப்பதும் மெர்சிதான். மறுநாள் யாருக்கும் இடைஞ்சல் வேண்டாமே என்று ஒதுங்கிப் போவதும் அவள்தான். ஒதுங்கியது மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள். அதைக் கர்வம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இந்த வருசம் நம்ம லேப் பூஜையை நீயே முன்னால நின்னு செஞ்சுபோடு. சாமியெல்லாம் ஒண்ணுதான அம்மணி?”

சாமியெல்லாம் ஒன்று என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் அந்த ஒன்று எப்போதும் சொல்கிறவர் வீட்டுச் சாமியாகவே இருந்துவிடுகிறது, அதுதான் சங்கடம்.

“சரிங்க சார்” என்று மெர்சி தலையாட்டினாள்.

வீட்டில் சாமுவேலிடம் சொன்னபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் பட்டறையில் லேத்துக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பழகியவன்.

“செஞ்சுபோடு புள்ள. வேலை நெலச்சுதுன்னா பரலோகத்துல இருந்தா வந்து கேக்கப் போறாங்க? ஆனா சபையில மட்டும் யாருகிட்டயும் மூச்சு விட்றாத.”

“தப்பில்லீங்களா?”

“பத்து வருசமா ஆறு மாசம் ஆறு மாசம்னு உன்னை ஓட்றானுகளே, அது தப்பில்லியா?”

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொற்கொடியிடம் போய், சந்தனம் முதலா குங்குமம் முதலா, தட்டை எந்தப் பக்கமாகச் சுற்றுவது, சாம்பிராணிக்குக் கரி எவ்வளவு என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஒத்துப் போகிறவளுக்குத்தான் தெரியும், எந்தக் கை முதலில் நீள வேண்டும் என்பதில்கூட எத்தனை பயம் இருக்கிறது என்று.

அந்த முறை இன்னொரு அவசரமும் சேர்ந்துகொண்டது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற டெல்லிக் குழு, விடுமுறை முடிந்த கையோடு நேரில் வந்து ஓட்டத்தைப் பார்க்கப் போகிறது. அதற்கான சிப்புகளைப் பூஜையன்றே ஒட்டி முடித்துவிட வேண்டும். காலையிலேயே மெர்சி ரப்பர் துண்டுகளை உரித்து, கழுவி, கண்ணாடித் தட்டுகளில் அடுக்கி, ஈரம் காய்வதற்காக மூடிகளைத் திறந்து உள் அறையில் வைத்தாள். பூஜைக்கு முன்னால் மூடிவிடலாம் என்று இருந்தாள்.

அதற்குள் தேங்காய் வந்தது, வாழைக்கன்று வந்தது, பொரி மூட்டை வந்தது. ஆராய்ச்சி மாணவி நவ்யா மாவிலைத் தோரணம் கட்டினாள். போன வருடம் இன்னொரு தற்காலிக உதவியாளராகச் சேர்ந்த வரலட்சுமி கோலம் போட்டாள். மெர்சி மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தாள், பம்புக்கு வைத்தாள், ரப்பர் வேகவைக்கிற அடுப்புக்கு வைத்தாள். கரி நன்றாகக் கனன்றதும் சாம்பிராணித் தூளை அள்ளிப் போட்டாள். குபுகுபுவென்று புகை கிளம்பியது.

“உள் ரூமுக்கும் காட்டிப்போடு அம்மணி” என்றார் லட்சுமணசாமி. “முக்கியமான மெசினெல்லாம் அங்கதான இருக்குது. மூலைமுடுக்கு விடாமக் காட்டு.”

மூடிகள் அவள் நினைவுக்கு வரவே இல்லை. இது சத்தியம். அவள் மனம் முழுக்கத் தட்டை வலப்பக்கமாகச் சுற்றுகிறோமா என்பதில் இருந்தது. கதவைத் திறந்தாள். செருப்பு நுழையாத அந்த அறைக்குள் புகை நுழைந்தபோது பேராசிரியர், மாணவர்கள், வரலட்சுமி எல்லோரும் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். படித்தவர்கள் அத்தனை பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சாமி காரியம் என்றால் படிப்பைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிடுவது நம் வழக்கம்.

பொரி வாங்க வந்த தாளாளர், தட்டும் கையுமாக நிற்பவளைப் பார்த்து, “அட, நம்ம மெர்சியா!” என்றார். அன்று மாலை அவள் சிப்புகளை ஒட்டி, மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். தாங்கியது. வீட்டுக்குப் போய்ச் சாமுவேலிடம் தாளாளர் சொன்னதை இரண்டு தரம் சொன்னாள். பத்து வருடத்தில் இத்தனை சந்தோஷமாக அவள் பேருந்திலிருந்து இறங்கி நடந்ததில்லை.

குழு வந்தது. பெரிய திரையில் ஓடை தெரிந்தது. சிவப்பு நீர் நுழைந்தது, இரண்டாகப் பிரிந்தது, மறுபடி பிரிந்தது. லட்சுமணசாமி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் வேகத்தைக் கூட்டச் சொன்னார். மெர்சி பம்பைக் கூட்டினாள். ஓடையின் கரை ஓரமாக இளஞ்சிவப்பாக ஒரு கசிவு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியிலிருந்து ரப்பர் தூக்கிக்கொண்டது. சிவப்பு நீர் நாலாபக்கமும் பரவி மைக்ராஸ்கோப்பின் மேல் வழிந்து மேசையில் சொட்டியது. இரண்டாவது சிப்பை மாற்றினார்கள். அதுவும் பிய்த்துக்கொண்டது. மூன்றாவதும் அப்படித்தான்.

“நோயாளி இறந்துவிட்டார் போலிருக்கிறதே” என்று குழுத்தலைவர் ஆங்கிலத்தில் வேடிக்கை பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். லட்சுமணசாமியும் சிரித்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

அவர்கள் போனபிறகு நவ்யா ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தாள். ரப்பரின் முகமெல்லாம் மெல்லிய பழுப்புப் படலம், விறகடுப்பு எரிகிற சமையலறைக் கூரையில் படிந்திருப்பது மாதிரி. சாம்பிராணியின் பிசின். ஒட்ட வேண்டிய இடத்தில் அது படிந்தால் ரப்பர் எப்படிக் கண்ணாடியோடு சேரும்?

“சார், இது பொகைங்க” என்றாள் நவ்யா. மெர்சியை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் மெர்சியைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் லட்சுமணசாமி கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்லிப் பேசினார். அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல்முறை.

“குழு விளக்கம் கேக்குது. தாளாளரும் கேக்கறாரு. நான் சொல்லித்தான் பொகை போட்டதுன்னு வெளிய வந்துச்சுன்னா, லேப் நடத்தத் தெரியாதவன்னு ப்ராஜெக்டையே புடுங்கிருவாங்க. ப்ராஜெக்ட் போச்சுன்னா போஸ்ட் எங்கிருந்து அம்மணி வரும்?”

மெர்சி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானாத்தான் செஞ்சேன், தெரியாமப் பண்ணிப்போட்டேன்னு சொல்லிரு. தாளாளரு பெரிய மனசுக்காரரு, ரண்டு வார்த்தை சத்தம் போட்டுட்டு உட்ருவாரு. நான் பக்கத்துலயே இருக்கறேன். போஸ்ட் உனக்குத்தான். என்ற தங்கச்சியாட்ட நெனச்சுத்தான் சொல்றேன்.”

“மூடியைத் தெறந்து வெச்சது நாந்தானுங்க சார்” என்றாள் மெர்சி. அது உண்மை. அந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றப் பொய்யையும் சொல்லிவிடலாம் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறவர்களும் குதிரையின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

தாளாளர் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. லட்சுமணசாமி நாற்காலியில் இருந்தார். மெர்சி நின்றாள்.

“உள்ளார பொகை போடச் சொன்னது யாருங்க?” என்று தாளாளர் கேட்டார்.

லட்சுமணசாமி மேசையில் இருந்த காலண்டரை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது வாயைத் திறந்தால்கூடப் போதும் என்று மெர்சிக்கு ஒரு நொடி தோன்றியது. நான் சொன்னேனுங்க என்று இரண்டே சொல். அவர் காலண்டரை விடவில்லை.

“யாரும் சொல்லலீங்க. நானாத்தானுங்க செஞ்சேன்.”

தாளாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க கிறிஸ்டீன்தானுங்க? உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?”

பத்து நாளைக்கு முன்னால் நம்ம மெர்சி என்று வாயாரச் சொன்ன அதே மனிதர். பொரியை மெல்லும் நேரம்கூட அந்த உறவு நிலைக்கவில்லை. மெர்சிக்கு முகம் பற்றி எரிந்தது.

“பழக்கமில்லீங்க அவங்களுக்கு” என்றார் லட்சுமணசாமி, மிக இதமாக. “ஆசைப்பட்டு என்னமோ செஞ்சுபோட்டாங்க. இந்த ஒருக்கா மன்னிச்சு உட்ருங்க.”

அவர் தனக்காகத்தான் பேசுகிறார் என்று அப்போதும் அவள் நம்பினாள். வெளியே வந்ததும் கைகூப்பி நன்றிகூடச் சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு காத்திருந்தாள். தீபாவளி போயிற்று. சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஒருநாள் மதியம் வரலட்சுமி இனிப்புப் பெட்டியோடு வந்து எதிரே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“நான் கேக்கவே இல்லீங்க்கா. சாமி சத்தியமா கேக்கலீங்க்கா.”

நிரந்தரப் பணியிடம் வரலட்சுமிக்குப் போய்விட்டது என்று மெர்சிக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் பெட்டியிலிருந்து ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? வயதான அப்பா அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறவள். “நல்லா இரு கண்ணு” என்றாள். சொன்னது மனதார வந்ததா என்று கேட்டால் இல்லை.

நேராக லட்சுமணசாமியிடம் போனாள். கதவைத் தட்டவில்லை.

“நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன் அம்மணி” என்று அவரே ஆரம்பித்தார். “உன்ற வாயாலயே ஒத்துக்கிட்டயே, தப்பை ஒத்துக்கிட்டவங்களுக்கு எப்படிய்யா பர்மனென்ட் ஆர்டர் போடறதுன்னு தாளாளரு கேக்கறாரு. நான் என்னன்னு பதில் சொல்றது?”

“நீங்கதானுங்க சார் அப்படிச் சொல்லச் சொன்னீங்க.”

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு வாசலைப் பார்த்தார்.

“மெதுவாப் பேசு அம்மணி. வெளிய ஆளுக இருக்கறாங்க.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையைப் பிடித்து, வயிற்றை அமுக்கிக் கத்தவைத்துவிட்டு, ஐயோ கத்திவிட்டதே என்று வருத்தப்படுகிற மனிதர்களைப் பற்றிப் பழமொழி எதுவும் நம்மிடம் இல்லை. சொல்ல வேண்டியவர்களெல்லாம் அவர்களிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

அன்று வீட்டுக்குப் போய் அவள் அழுதாள். வேலையை விட்டுவிடு என்று சாமுவேல் கத்தினான். விட்டுவிட்டு எங்கே போவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மறுநாள் காலை வழக்கமான பேருந்தையே பிடித்தாள்.

பொங்கல் முடிந்து குழு மறுவாய்ப்புக் கொடுத்தது. இந்த முறை நேரில் வரவில்லை, கணினி வழியாகவே பார்ப்பார்களாம். சிப் செய்யச் சொன்னது மெர்சியைத்தான். புது நிரந்தர உதவியாளர் வரலட்சுமிக்கு இன்னும் கை பழகவில்லை. செய்தாள். கோபத்தில் கெட்டதாகச் செய்துவிடலாம் என்று ஒருமுறை நினைத்தாள். அதையும் தன் தலையில்தான் கட்டுவார்கள் என்று நினைத்து ஒழுங்காகவே செய்தாள்.

திரையில் குழுவினரின் முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தன. கேமரா மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெர்சி பம்பை இயக்கினாள். சிவப்பு நீர் ஓடையில் நுழைந்தது, பிரிந்தது, கரைவரைக்கும் பரவி ஓடியது. வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினாள். அசையவில்லை, கசியவில்லை.

“அருமை” என்றது ஒரு கட்டம். “இந்தச் சிப்புகளைச் செய்வது யார்?”

“எங்க டெக்னிக்கல் அசிஸ்டென்ட்” என்று லட்சுமணசாமி முகம் மலர்ந்தார். “வரலட்சுமி, வாங்கம்மா, இப்படி முன்னால வாங்க. வந்து வணக்கம் சொல்லுங்க.” பிறகு கேமராவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தி, “அம்மணி, சித்த அக்கட்ட நகந்துக்க. மறைக்கற பாரு” என்றார்.

மெர்சி நகர்ந்துகொண்டாள். வரலட்சுமி தலைகுனிந்தபடி வந்து அந்த இடத்தில் நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

சுவரோரம் நின்று மெர்சி திரையைப் பார்த்தாள். கண்ணை மூடி, பரலோகத்திலிருக்கிற பிதாவே, இது அடைத்துக்கொள்ளட்டும், பிய்த்துக்கொண்டு ஊற்றட்டும், இந்த ஒருமுறை மட்டும் என்று வேண்டினாள். தன் கையால் செய்த பொருள் பாழாகட்டும் என்று வாழ்நாளில் அவள் வேண்டியது அந்த ஒரு தடவைதான். கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.